முடிவு வரை பார்த்தவை

டிசம்பர் 27

அன்புள்ள ஆபீசர் அண்ணாவுக்கு,

இதோ, இந்த வருடத்துப் பட்டியல். நீ கல்லூரியிலும் நான் நான்காம் வகுப்பிலும் இருந்தபோது நீ எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய விதிகளின்படியே மூன்று படம், மூன்று புத்தகம், மூன்று இசை. எல்லாம் இந்த ஆண்டில் எனக்குப் புதியவை. பிழை கண்டால் சிவப்பு மையைத் தொடாதே. நாற்பத்தொரு வயதுக்காரிக்குக் கொஞ்சம் கருணை காட்டு.

படங்களில் முதலிடம், பெட்ரோல் பங்க் நடத்தும் அக்கா தங்கை கதைக்கு. வருகிற கார்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அக்கா அழுகிறாள். உள்ளே இருக்கிறவர்களுக்குச் சோப்பு நுரைதான் தெரிகிறது. அந்த ஓர் இடத்துக்காகவே கொடுக்கலாம். இரண்டாவது, குரல் போய்விட்ட நீதிபதியின் படம். மூன்றாவது, வேறு யாருடைய கல்யாணத்தையோ முழுக்கப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் புகைப்படக்காரனின் கூத்து. பகல் காட்சியில் நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

புத்தகங்களில் முதலிடம் நீ அனுப்பிய நாவலுக்கு, அந்த நில அளவைக்காரிக்கு. அணை கட்டியதால் மூழ்கிப்போன ஊரை அவள் ஞாபகத்திலிருந்தே அளக்கிறாள். கடைசியில் சாயங்காலம் படகுத்துறையில் நின்றுவிடுகிறாளே, என்ன முடிவு அது! மற்ற இரண்டையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இசையில், நீ சொன்ன பழைய ஒலிப்பதிவு. புல்லாங்குழல் கொஞ்சம் பேசுகிறது, பிறகு நீண்ட மௌனம், மறுபடி பேசுகிறது. அந்த மௌனங்கள்தான் இந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை.

பதிலை நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை முகவரிக்கு அனுப்பு அண்ணா, வீட்டுக்கு வேண்டாம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரம்மா தபால்தலை சேர்க்கிறார்.

உன்,
வால்

&nbsp;

ஜனவரி 3

அன்புள்ள வாலுக்கு,

உன் பட்டியல் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆயினும் மூன்று ஆட்சேபணைகளைப் பதிவு செய்ய வேண்டியவனாக இருக்கிறேன்.

முதலாவது, நாவல். நில அளவைக்காரி படகுத்துறையில் நின்றுவிடுவதில்லை. அதற்குப் பிறகு முழுதாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அவள் படகேறுகிறாள். நீ கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலேயே முதலிடம் கொடுத்திருக்கிறாய்.

இரண்டாவது, இசை. அந்த ஒலிப்பதிவில் மௌனம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அது இருவர் வாசித்தது. பழைய முறைப் பதிவாதலால் புல்லாங்குழலை ஒரு காதிலும் வயலினை மறு காதிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீ மௌனம் என்று வியந்த இடங்களிலெல்லாம் வயலின் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் காதொலிப்பான் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது என்று ஊகிக்கிறேன், உடனே மாற்று.

மூன்றாவதே முக்கியமானது. மூன்று படங்களைப் பற்றியும் நீ எழுதியவை அனைத்தும் முற்பாதிக் காட்சிகள். புகைப்படக்காரன் இரண்டாம் பாதியில் சிறைக்குப் போகிறான். அதைப் பார்த்தவர் எவரும் அந்தப் படத்தைக் கூத்து என்று எழுத மாட்டார். நான்காம் விதியை நினைவூட்டுகிறேன்: முடிவு வரை பார்த்தவையும் படித்தவையும் கேட்டவையும் மட்டுமே பட்டியலில் இடம்பெறும். பகல் காட்சிக்குப் போய் இடைவேளையில் எழுந்து வரும் பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

கடை முகவரிக்கு எழுதச் சொல்லியிருந்தாய். சொந்தக் கடிதங்கள் வீட்டுக்கே வர வேண்டும் என்பது ஏழாம் விதி. பணியிடத்தில் அவை தொலைந்துபோவதை என் அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன். கடைக்காரம்மாவுக்காகச் சில பழைய தபால்தலைகளை இத்துடன் வைத்துள்ளேன். அவரிடம் சேர்ப்பித்துவிடு.

இந்த ஆண்டு ஒரு திரையரங்கிலும் இரண்டு மண்டபங்களிலும் அவசர வழிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் தீப்பாதுகாப்புச் சான்றிதழை நிறுத்தி வைத்தேன். ஆகவே என் பட்டியல் இம்முறை சிறியது, தனித்தாளில் காண்க.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சொன்ன நேரத்துக்கு வருகிற மனிதர் நம் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
அண்ணன்

&nbsp;

ஜனவரி 10

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு நாங்கள் இருவரும் நலம். தாங்கள் சுட்டிய தவறுகள் சரியே. இந்த ஆண்டு நான் படம் எதுவும் பார்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டதைப் பார்த்ததாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். வேலையும் வீட்டுப் பொறுப்பும் அதிகமாக உள்ளதால் இனிப் பட்டியல் அனுப்ப இயலாது. தாங்களும் அனுப்ப வேண்டாம். தபால்தலைகளுக்குக் கடைக்காரம்மா நன்றி தெரிவிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

&nbsp;

ஜனவரி 14

வாலுக்கு,

இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். முதலிலேயே அப்படித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறந்தது முதல் நீ என்னைத் 'தங்கள்' என்று அழைத்ததில்லை. கோபத்தில்கூட 'போடா' என்றுதான் சொல்வாய். எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அது உன் வலக்கை எழுதியது அன்று.

நேற்று உன் கைபேசிக்கு அழைத்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "அவ தூங்குறா மச்சான், நல்லா இருக்கா. உங்க லெட்டர் ரொம்ப டாப்பு. நானே ரசிச்சு ரசிச்சுப் படிச்சேன்" என்றார். சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டேன். அழைப்பைத் துண்டித்த பிறகு, ஏன் சிரித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், அதைச் செய்கிறேன். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் கேள்விகளை இப்போது உன்னிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல்? பூட்டு உள்ளேயா, வெளியேயா? சாவி யாரிடம் இருக்கிறது? சன்னல் கம்பிகள் கழற்றக்கூடியவையா? ஏதாவது நேர்ந்தால் உன்னால் வெளியே வர முடியுமா?

இவை வீண் கேள்விகள் என்றால் என்னைத் திட்டி எழுது. நீ திட்டினால் நிம்மதியாக இருக்கும்.

அண்ணன்

&nbsp;

ஜனவரி 20

அண்ணா,

உன் கடிதத்தைக் கடைக்காரம்மா பிரேம் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்து கொடுத்தார். "உங்க அண்ணன் கையெழுத்தே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கே" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன். கடையிலேயே அழுதுவிட்டேன். மூக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு தாத்தா, தன் பவர் ஏறிவிட்டதற்காகத்தான் நான் அழுகிறேன் என்று பயந்துபோனார்.

உன் ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தானே உனக்குப் புரியும்.

படம். வியாழக்கிழமைகளில் கடைக்காரம்மா என்னைக் காலைக் காட்சிக்குத் துரத்திவிடுவார். மதியம் உன் மாப்பிள்ளை கடை போனுக்குக் கூப்பிடுவார், நான் இருக்கிறேனா என்று பார்க்க. அதற்குள் திரும்பிவிட வேண்டும். இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுவேன். புகைப்படக்காரன் சிறைக்குப் போவது எனக்குத் தெரியாது.

இசை. காதொலிப்பானில் பழுது ஒன்றுமில்லை. ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வேன். இன்னொரு காது பூட்டில் சாவி திரும்புகிற சத்தத்துக்கு. அந்த மௌனத்தில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதே நீ எழுதித்தான் தெரியும்.

புத்தகம். கடைசி அத்தியாயத்தை அவர் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டார். ஓரம்கூடப் பிசிறவில்லை. "நல்லபடியா இருந்தா தர்றேன்" என்றார், குழந்தையிடம் மிட்டாய் காட்டுவதுபோல. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அதனால் எது கடைசி வரியாகக் கிடைக்கிறதோ அதையே முடிவாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

உன் கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். உன் குரலை மாதிரியே செய்து காட்டினார். நன்றாகத்தான் செய்தார். "பகல் காட்சியா? எந்த தியேட்டரு? யாரோட?" என்று கேட்டார். கடை முகவரிக்கு எழுதச் சொன்னதற்கும் விளக்கம் கேட்டார். பிறகு நான் அறைக்குள் போகும்போது கதவைச் சாத்தினார். என் விரல்கள் கதவு நிலையில் இருந்தன. அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். "எத்தனை தடவை சொல்றது, பாத்துப் போ பாத்துப் போன்னு. கேட்டாத்தானே" என்று டாக்டரிடம் அங்கலாய்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு அவரைப் பிடிக்கும். நேரம் தவறாதவர், விதி தவறாதவர். உன்னைப் போல. நீ நம்ப மாட்டாய் என்று பயந்தேன். அவருக்கும் விதிகள் உண்டு அண்ணா. ஒரே வித்தியாசம்: உன் விதிகளை நீ அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாய், நான் படித்துவிட்டு மீறலாம். அவருடைய விதிகளை மீறிய பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியவரும்.

வாசல் ஒன்று. பூட்டு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவார். பால்கனியில் கம்பிவலை, திருகாணி போட்டு முடுக்கியது. கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. எழுது. கடைக்கு.

வால்

&nbsp;

ஜனவரி 25

வாலுக்கு,

உன்னை நம்புகிறேன். இந்தச் சொற்கள் முதல் வரியில் வர வேண்டும் என்பதற்காகவே பல தாள்களைக் கிழித்தேன். மற்றத் தொடக்கங்கள் எல்லாம் என்னைப் பற்றியே இருந்தன.

நான் வீட்டுக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. அதை நீ சுமக்க வேண்டாம். அது என் பாரம்.

ஒரே வழியும் வெளிப்பூட்டும் உள்ள கட்டடத்துக்கு நான் இதுவரை சான்றிதழ் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் கையேடு முதலில் சொல்வது இதுதான்: உள்ளே இருப்பவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதே, வழியைத் திற. ஆகவே உன்னிடம் இனிக் கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. சிறிய எழுத்துகள் மங்குகின்றன. கண் பரிசோதனை தேவை என்பது முழு உண்மை. உங்கள் கடையில் ஒரு வியாழக்கிழமை காலை எனக்கு நேரம் குறித்துத் தர இயலுமா என்று கடைக்காரம்மாவைக் கேள். கடைக்குப் பின்வாசல் இருக்கிறதா, அதன் வழியில் ஏதும் அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கேள். நீ எதையும் எடுத்து வர வேண்டாம். துணி, நகை, சான்றிதழ் எதுவும் வேண்டாம். மருந்துச் சீட்டு கைப்பையில் இருந்தால் போதும். எங்கள் ஊரில் வழக்கறிஞரம்மா ஒருவரிடம் பேசிவிட்டேன். தங்குமிடமும் அவர் பொறுப்பு. அது என் வீடாக இருக்கக் கூடாது என்கிறார்; முதலில் தேடி வரப்படும் இடம் என் வீடுதானாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி எனக்குத் தோன்றாதவை இன்னும் எத்தனை இருக்குமோ.

பழைய விதிகளோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இருவரில் யாரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் மற்றவரை அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் கேள்வி கேட்காமல் வர வேண்டும்.

நாவலின் கடைசி அத்தியாயத்தை என் பிரதியிலிருந்து கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை. கடையிலேயே படித்துவிட்டுக் கடையிலேயே விட்டுவிடு.

அண்ணன்

&nbsp;

ஜனவரி 30

அண்ணா,

படித்துவிட்டேன். படகேறிவிட்டாள். ஏறும்போது கால் நடுங்குகிறதென்று எழுதியிருக்கிறதே, அது ஆசிரியர் எழுதியதா, நீயாகச் சேர்த்ததா? நீ சேர்க்க மாட்டாய். விதி இருக்கிறது.

அடுத்த வியாழன் காலை, கடை திறந்ததும். கண் பரிசோதனை ஏட்டில் உன் பெயருக்குப் பதிலாக 'தூரப் பார்வை, புதியவர்' என்று கடைக்காரம்மா எழுதிக்கொண்டார்.

லென்ஸ் தீட்டுகிற அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கி, அப்படி ஒரு கதவு இருப்பதையே மறந்துவிட்டோம். நேற்று அவரே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் நகர்த்தினார். "உங்க அண்ணன் ஃபயர் ஆபீசருன்னு முன்னாடியே சொல்ல மாட்டியா? வந்ததும் வராததுமா என் கடைக்கு ஃபைன் போட்டுட்டுப் போயிடுவாரே" என்றார். தும்மிக்கொண்டே சிரித்தார். கதவு திறக்கிறது. சந்து தெரிகிறது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

இன்று காலை வீட்டில் உன் மாப்பிள்ளை என் விரல் கட்டைத் தானே மாற்றிவிட்டார். மெதுவாக, ஊதி ஊதி. "ரெண்டு நாளா நீ ரொம்ப அமைதியா இருக்கியே" என்றார்.

வராமல் இருந்துவிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. வா.

வால்

&nbsp;

பிப்ரவரி 22

அன்புள்ள வாலுக்கு,

இதை வழக்கறிஞரம்மா மூலம் அனுப்புகிறேன். அந்த வியாழன் கடையின் பின்வாசல் வழியாக நீ வெளியே வந்த பிறகு, உன் விடுதி எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்கே தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார். அதன் அருமை நேற்றுத்தான் புரிந்தது.

நேற்றுக் காலை அந்த மனிதர் வந்தார். 'மாப்பிள்ளை' என்ற சொல்லை எழுத என் கை மறுக்கிறது. முன்கூட்டியே சொல்லாமல் வந்தார். ஆனால் வழக்கம்போல் சட்டை மடிப்புக் கலையவில்லை. செருப்பு வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து அமர்ந்தார். உன் அண்ணி காபி கொடுத்தாள். தட்டில் ஒரு சொட்டுச் சிந்தியிருந்ததை விரலால் துடைத்தார்.

"சொல்லாம கொள்ளாம போயிட்டா மச்சான். அவளுக்கு மனசு சரியில்ல. பயமா இருக்கு, ஏதாச்சும் பண்ணிக்குவாளோன்னு. உங்ககிட்ட பேசினாளா?"

"இல்லை. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது" என்றேன். முதல் வாக்கியம் பொய், இரண்டாவது உண்மை. இரண்டையும் ஒரே குரலில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. பொய் சொல்லிப் பழகாதது இவ்வளவு ஆபத்தான குறை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் புதிய மூக்குக் கண்ணாடி முகத்தில் இருந்தது. கடைக்காரம்மா தபாலில் அனுப்பியது. அதன் கூடு மேசைமேல் கிடந்தது. மூடியின்மேல் கடையின் பெயர் பொன்னெழுத்தில்.

அவர் அதைக் கையில் எடுத்தார். திறந்தார். மூடினார். 'டப்' என்ற அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. முன்பிருந்த இடத்திலேயே, மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.

"நல்ல கடைதான் மச்சான். கண்ணு இப்போ நல்லாத் தெரியுதா?"

"தெரிகிறது" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் போய்க் கதவைத் தாழிட்டேன், பிறகு தாழை நீக்கினேன், மீண்டும் தாழிட்டேன். என் தொழிலில் கதவு என்றால் திறந்து வெளியே போவதற்கு. உள்ளே வராமல் தடுக்கவும் அது வேண்டும் என்று இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன். உன் அண்ணி, "நீங்க உக்காருங்க" என்றாள்.

கடைக்காரம்மாவுக்கு உடனே தகவல் சொல்லிவிட்டேன். "வரட்டும். பின்வாசல் எனக்கும் இப்போ இருக்குல்ல" என்றார். வழக்கறிஞரம்மா புகார் பதிவாகிவிட்டது என்கிறார். அந்த மனிதர் உன்னை நெருங்கக் கூடாது என்ற உத்தரவு அடுத்த வாரம் வந்துவிடுமாம். உத்தரவு என்பது தாள். தாள்மீது எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. இப்போதும் உண்டு என்று எழுதவே விரும்புகிறேன்.

உன்னை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இனி எதையும் நீ பாதியிலேயே தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உன்,
அண்ணன்

&nbsp;

மார்ச் 16

அன்புள்ள ஆபீசர் அண்ணாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

விடுதியில் என் அறைத்தோழி ஒரு செவிலியர். நடந்தால் தரை அதிரும். குறட்டை விட்டால் சுவர் அதிரும். "நீ ஏன் தூக்கத்துலயும் ஒரு காதைத் தலகாணிக்கு மேல வச்சுக்கிட்டே படுக்குற?" என்று கேட்டாள். அப்படிப் படுக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஒலிப்பதிவை இரண்டு காதிலும் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். வயலின் தொடங்கியதும் யாரோ பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. கழற்றிவிட்டேன். அது இந்த வருடப் பட்டியலில் வராது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஆனால் ஒரு படம் பார்த்தேன். பெட்ரோல் பங்க் அக்கா தங்கை படம் இங்கே ஒரு பழைய தியேட்டரில் ஓடுகிறது. தனியாகவே போனேன். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் என் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா, பாத்ரூமா? அந்தப் பக்கம்" என்றார். "இல்லைம்மா, உக்காரத்தான் போறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உட்கார்ந்தேன். படம் முடிந்தது. பெயர்கள் மேலே ஏறிப்போயின. லைட்டு போட்டவர், டீ கொடுத்தவர் வரைக்கும். விளக்குகள் எரிந்தன. எல்லாரும் போய்விட்டார்கள். டிக்கெட் கிழிப்பவர் வந்து, "அம்மா, படம் முடிஞ்சுபோச்சு. இன்னொரு ஷோவுக்கும் இதே டிக்கெட்டுன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எழுந்தேன்.

முடிவு என்ன என்று கேட்பாய். கேட்காதே. எனக்குத் தெரியாது. அந்த அரங்கில் நான்கு கதவுகள். எல்லாமே வெளிப்பக்கம் திறப்பவை, உன் துறையின் புண்ணியம். இரண்டாம் பாதி முழுக்க நான் அந்த நான்கையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை திரைச்சீலை அசைந்து வெளிச்சம் விழும்போதும், யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தேன். அக்கா பிழைத்தாளா, தங்கை பங்க்கை விற்றாளா, ஒன்றும் மனதில் இல்லை.

நான்காம் விதிப்படி இது முடிவு வரை பார்த்த படமா, இல்லையா? நீ தீர்ப்புச் சொல்வதற்குள் புதிய விதியின்படி உன்னை அழைக்கிறேன். வரும் வியாழன், காலைக் காட்சி; எந்தத் தியேட்டர் என்று வழக்கறிஞரம்மா சொல்வார். கதவுப் பக்கத்து இருக்கை உனக்கு. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா.

நீ கதவைப் பார்த்துக்கொள். நான் படம் பார்க்கிறேன்.

உன்,
வால்